அகத்திணையும் அகமணமும்: காதல் பாடல்களின் மொழி உத்திகளை வாசிப்பது எப்படி?

கல்லூரித் தமிழ்ப் பாடத்தில் திணை, துறை, கூற்று, உள்ளுறை, இறைச்சி என்னும் கலைச்சொற்களைப் படிக்கிறோம். தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அதே வாரத்துச் செய்தித்தாளில் 'காதல் விவகாரத்தில் இளைஞர் வெட்டிக் கொலை' என்று ஒரு பெட்டிச் செய்தி வருகிறது. பாடத்துக்கும் செய்திக்கும் தொடர்பில்லை என்றே நமக்குப் பழக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' என்னும் ஆய்வுரையில், சாதியின் உயிர்நிலை அகமணமே என்று அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில், கலப்புமணமே சாதிக்கு மெய்யான மருந்து என்றார். யாரை மணக்கலாம் என்னும் எல்லைதான் சாதி என்றால், காதலைச் சொல்லும் மொழி அந்த எல்லையிலேயே புழங்குகிறது. எனவே காதல் பாடலின் ஒவ்வோர் உத்தியையும் நாம் ஒரே கேள்வியோடு அணுகலாம்: இங்கே யாருடைய சொல் செல்லுகிறது? யாருடைய சொல் செல்லாமல் போகிறது?

கூற்று: பேசுவது யார்?

அகப்பாடலில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி, தலைவன், தோழி, செவிலி, நற்றாய், பரத்தை, கண்டோர் என யாரேனும் ஒருவரது வாய்மொழியாகவே பாட்டு அமைகிறது. யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசலாம் என்பதைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் விரிவாக வகுத்திருக்கிறது. ஆகவே ஒரு பாடலைக் கையில் எடுத்தவுடன் பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று குறித்துக்கொள்வது முதல் வேலை. அப்பாட்டில் பேசாமல் இருப்பவர் யார் என்று தேடுவது இரண்டாவது வேலை.

கலித்தொகையின் 9ஆம் பாட்டு இதற்கு நல்ல சான்று. தலைவனோடு சென்றுவிட்ட மகளைத் தேடி வரும் செவிலி, எதிரே வரும் முக்கோல் ஏந்திய அந்தணரிடம் விசாரிக்கிறாள். கண்டோம், தடுக்கவில்லை என்கிறார்கள் அவர்கள். கடலில் பிறந்த முத்தால் கடலுக்குப் பயனில்லை; மலையில் பிறந்த சந்தனத்தால் மலைக்குப் பயனில்லை; யாழில் பிறந்த இசையால் யாழுக்குப் பயனில்லை; உன் மகளும் அப்படியே; அவள் சென்றது அறத்தின் வழி என்று தேற்றுகிறார்கள். பெற்றோரின் உடைமை உரிமையை மறுக்கும் பாட்டு இது என்பதில் ஐயமில்லை. ஆனால் மகள் முத்தாகவும் சந்தனமாகவும் இசையாகவும் வருகிறாளே ஒழிய, அவள் வாய்மொழியாக ஒரு சொல்லும் பாட்டில் இல்லை. அவளுக்காகப் பேசுவோர் சமூக மதிப்புப் பெற்ற ஆண்கள்.

இதே கருவியைக் காவல் நிலையப் புகார் மனுவின் மீது வைத்துப் பாருங்கள். 'என் மகளை இன்னார் ஆசை வார்த்தை கூறி அழைத்துச் சென்றுவிட்டார்' என்னும் வாக்கியம், சாதி மறுப்பு இணையர் தொடர்பான கோப்புகளில் நாம் அடிக்கடி காணும் ஒன்று. அதில் எழுவாய் ஓர் ஆண். பேசுபவர் இன்னோர் ஆண். பெண்ணுக்கு அந்த வாக்கியத்தில் வினைச்சொல்லே கிடையாது. சங்க மரபு இதே நிகழ்வுக்கு வைத்த பெயர் 'உடன்போக்கு'. 'உடன்' என்னும் ஒரு சொல் இருவரையும் வினைக்கு உரியவர் ஆக்கிவிடுகிறது. திண்டுக்கல் மாவட்டத்து ஆட்கொணர்வு மனுக்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வுக்கே செல்கின்றன. அங்கே வயதுவந்த பெண் நேர்நின்று 'நானே விரும்பிச் சென்றேன்' என்று சொன்ன பின், பெற்றோரின் விருப்பம் அதன்மேல் செல்லாது. 2018இல் ஷஃபின் ஜஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த கோட்பாடும் இதுவே.

புறத்தே நிறுத்துதல்: யாருக்குக் காதல் உண்டு?

அகமரபு எல்லோருக்கும் பொதுவானது என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. தொல்காப்பிய அகத்திணையியல் அப்படிச் சொல்லவில்லை. அடியோரும் வினைவலரும், அதாவது ஏவல் செய்வோரும் தொழில் செய்வோரும், அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே உள்ள கைக்கிளையிலும் பெருந்திணையிலும் வரலாம் என்பதே உரையாசிரியர்கள் கொண்ட பொருள். ஒத்த காதல் மேலோர்க்கு. ஒருதலைக் காதலும் பொருந்தாக் காதலும் உழைப்போர்க்கு. சங்க காலத்து அடியோரை இன்றைய தலித் சாதிகளோடு நேராகப் பொருத்துவது பிழையாகும். எனினும் உழைப்பவரின் காதலை இலக்கணத்தால் வேலிக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதை இந்நூற்பா காட்டுகிறது.

அந்த வேலி பாட்டுக்குள் எப்படி இயங்குகிறது என்பதற்கு நம் மாவட்டத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. இன்றைய பழநியே அன்றைய பொதினி என்பர். அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார் அவ்வூரைக் குறிப்பிடுகிறார். தலைவி தோழியிடம் பேசுகிறாள்: பொதினியில் சாணைக்கல் செய்யும் தொழிலாளி அரக்கோடு சேர்த்து இறுக்கிய கல்லைப்போல நாம் பிரியமாட்டோம் என்று சொன்னவர், அச்சொல்லை மறந்துவிட்டாரோ என்கிறாள். பிரியாமைக்கு இதைவிட உறுதியான உவமை கிடைப்பது அரிது. அரக்கைக் காய்ச்சி ஒட்டியவனின் கைத்திறன் தலைவனின் வாக்குறுதிக்கு உவமை ஆகிறது. ஆனால் அந்தத் தொழிலாளி யாரைக் காதலித்தான், யாரைப் பிரிந்தான் என்பதற்கு அகமரபில் இடமில்லை. உழைப்பு உவமைக்குள் வரலாம்; உழைப்பவர் தலைமக்கள் ஆக முடியாது.

அப்படி அவர்கள் பேச வந்த அரிய இடங்களில் ஒன்று கலித்தொகையின் 94ஆம் பாட்டு. அரண்மனையில் ஏவல் செய்யும் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் உடலை ஒருவர் இழித்துப் பேசும் வசையே அவர்களது காதல்மொழி. கேட்போர் சிரிக்கவே இப்பாட்டு அமைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் முடிவில் அவர்கள் இணங்குகிறார்கள். அரண்மனையில் உள்ளோர் கண்டு நகைக்காத ஓரிடம் வேண்டும் என்று விலகிச் செல்கிறார்கள். நகைப்புக்காக எழுதப்பட்ட பாட்டுக்குள்ளேயே அந்த நகைப்புக்கு அஞ்சும் குரல் ஒலிக்கிறது. ஒரு பிரதி தன் நோக்கத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லும் இத்தகைய இடங்களைக் கண்டறிவதே தலித் வாசிப்பின் பயிற்சி.

பெயர்: மறைப்பதும் சுட்டுவதும்

அகத்தில் தலைமக்களை இயற்பெயர் சுட்டிப் பாடக்கூடாது என்பது விதி. பெயர் வெளிப்பட்டால் அப்பாட்டு புறமாகிவிடும். நெடுநல்வாடையில் தலைவியின் பிரிவுத் துயரே நிறைந்திருக்கிறது. ஆனால் பாண்டியனின் அடையாளமான வேம்பு வேலில் இடம்பெற்றுவிட்டதால் அதைப் புறம் என்று கொண்டனர். பெயரில்லாதவரை உறவின் துயரம் அந்தரங்கம். பெயர் வந்துவிட்டால் அது ஊர் கேட்கவேண்டிய வழக்கு.

பழநி மலைநாட்டை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகனைப் பற்றிய புறநானூற்றுப் பாடல்கள் (143 முதல் 147 வரை) இந்த விதியின் வலிமையைக் காட்டுகின்றன. மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல் என்று பாடநூல் புகழும் அதே பேகன், மனைவியைத் துறந்து வேறொருத்தியை நாடியவன். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அதை அவன் முகத்துக்கு நேரே பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். அவர்கள் கையாளும் உத்தி பரிசில் மறுப்பு. எமக்குப் பசியும் இல்லை, சுற்றத்தின் சுமையும் இல்லை. நீ அவளிடம் செல்வதே எமக்குத் தரும் பரிசில் என்கிறார் பரணர். கொடையால் புகழ் பெற்றவனிடம் கொடையை மறுப்பதைவிடக் கூர்மையான கண்டனம் இல்லை.

இன்னொரு பாட்டில் பரணர், யாழிசை கேட்டு அழுத பெண்ணிடம், நீ பேகனுக்கு உறவோ என்று வினவுகிறார். யாம் அவனுக்கு உறவல்லேம் என்று தொடங்குகிறது அவள் மறுமொழி. கைவிடப்பட்டவள் தன் வாக்குமூலத்தைத் தானே தருகிறாள். ஆனால் பெயர்களைக் கவனியுங்கள். பேகனின் பெயர் பாட்டுக்குள் ஓங்கி ஒலிக்கிறது. கண்ணகி என்னும் அவள் பெயர் பாடலுக்கு அடியில் உள்ள குறிப்பில்தான் கிடைக்கிறது. அந்த இன்னொருத்திக்குப் பெயரே இல்லை.

பெயரை மறைப்பது எப்போது பாதுகாப்பு, எப்போது அழிப்பு என்னும் கேள்வி சட்டத்திலும் உண்டு. பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். அங்கே மறைப்பு பாதுகாப்பு. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமோ, மணம் செய்ய விரும்புவோரின் அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் பார்வைக்கு ஒட்டவைத்து, ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசமும் தருகிறது; அங்கே பெயர் சுட்டுவதே ஆபத்து. கொல்லப்பட்டவர்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 'இளைஞர் கொலை' என்று முடிக்கும் தலைப்பு அவர்களை மீண்டும் பெயரற்ற அகத்துக்குள் தள்ளுகிறது. இயக்கங்கள் அவர்கள் பெயரை முழக்கமாக்குவது, அந்தச் சாவைப் புறத்துக்கு, அதாவது பொதுவெளிக்குக் கொண்டுவருவதற்காகவே.

உள்ளுறையும் மூடுசொல்லும்

சொல்லாமல் சொல்வது உள்ளுறை. மருத நிலத்தில் எருமை பொய்கைக்குள் புகுந்து மலரைச் சிதைத்தது என்று தோழி சொன்னால், அவள் பேசுவது தலைவனின் பரத்தமையைப் பற்றி. நேரே சொல்லும் அதிகாரம் இல்லாதவர் நிலத்தையும் விலங்கையும் பூவையும் துணைக்கழைத்துப் பேசும் முறை இது. எளியவரின் கேடயம் என்றே இதைக் கொள்ளலாம்.

சாதிக்கும் இப்படியொரு மறைமொழி உண்டு. ஆனால் அது வலியவரைக் காக்கிறது. அதை மூடுசொல் என்று வேறுபடுத்துவோம். 'குடும்ப மானம்', 'காதல் விவகாரம்', 'கௌரவக் கொலை' முதலியவை இவ்வகை. கொன்றவனின் கௌரவத்தைக் கொலையின் பெயரிலேயே ஒப்புக்கொள்ளும் சொல்லைக் கைவிட்டு, 'ஆணவக் கொலை' என்று தமிழில் வழங்கச் செய்தது சாதி எதிர்ப்பு இயக்கங்களின் மொழிப் பணி. ஒரு சொல்லை மாற்றியதால் குற்றத்தின் நோக்கம் வெளிப்பட்டது.

மூடுசொற்களில் மிகக் கொடியது 'நாடகக் காதல்'. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்து நத்தம் (நம் மாவட்டத்து நத்தம் வேறு), கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. ஒரு சாதி மறுப்புத் திருமணமே காரணமாகக் காட்டப்பட்டது. அந்தக் காலத்தில்தான் இத்தொடர் அரசியல் மேடைகளில் பரவலானது. இச்சொல்லின் அமைப்பைப் பிரித்துப் பாருங்கள். தலித் ஆண் நடிகன் ஆகிறான். பெண் ஏமாறும் பார்வையாளர் ஆகிறாள். அவள் நீதிமன்றத்தில் என்ன சொன்னாலும், ஏமாந்தவள் பேசுகிறாள் என்று தள்ளிவிடலாம். இரண்டே சொல்லில் இருவருடைய கூற்றும் செல்லாததாக்கப்படுகிறது.

அறத்தொடு நிற்றல்: சாட்சியின் இலக்கணம்

அகமரபு நமக்குத் தரும் மிகப் பெரிய சொல் இதுவே. தலைவியின் களவுக் காதலைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் வெளிப்படுத்துவதற்கு இலக்கணம் சூட்டிய பெயர் 'அறத்தொடு நிற்றல்'. காதலை வீட்டாரிடம் உண்மையாகச் சொல்வதைத் துரோகம் என்றோ மானக்கேடு என்றோ இலக்கணம் சொல்லவில்லை. அறத்தின் பக்கம் நிற்பது என்கிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் தோழி செவிலிக்குத் தரும் இத்தகைய வாக்குமூலமே. தினைப்புனக் காவல், சுனையாடல், பறித்துக் குவித்த மலர்கள், தலைவனின் வருகை, யானையிடமிருந்து காத்தது என்று நிகழ்வு வரிசையாகவே அவள் சொல்லிச் செல்கிறாள். 99 மலர்களின் பட்டியலை அழகுக்காக மட்டும் படிக்க வேண்டியதில்லை. நேரில் இருந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய நுண்விவரம், சாட்சியத்துக்கு நம்பகம் தருவது. தந்தையின் காவலைக் கடந்து இருவரும் தாமே தேர்ந்த மணம் இது என்பதையும் அவள் மறைக்கவில்லை.

இதன் எதிர்நிலை பிறழ் சாட்சியம். 2015 ஜூனில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடத்தப்பட்டார். தற்கொலைக் குறிப்பு ஒன்று முன்வந்தது. இறந்தவரின் தன்மைக் கூற்றையே களவாடிய மொழிக் குற்றம் அது. முதன்மைச் சாட்சி பிறழ்ந்தார். திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முதலிய சான்றுகளைக் கொண்டு மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் தண்டனை வழங்கியது. முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் உறுதிசெய்தது. மனிதர் வாய்மொழி தவறிய இடத்தில் கேமரா அறத்தொடு நின்றது.

பழநியைச் சேர்ந்த கௌசல்யா இதற்கு நேர்மாறான சான்று. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையப் பகுதியில் கணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யாவும் வெட்டுப்பட்டு உயிர் பிழைத்தார். பின்னர் தன் குடும்பத்தாருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அறுவருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர் தந்தையை விடுவித்து, ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், தன் காதலுக்குத் தானே சாட்சியாக நின்ற தலைவியின் கூற்று ஆவணத்தில் நிலைத்துவிட்டது.

பிறப்புத் திருத்தம்

திண்டுக்கல் சமவெளியின் ஊர்களில் மதுரை வீரன் கோயில்கள் உண்டு. அருந்ததியர் வீட்டில் சின்னானும் செல்லியும் வளர்த்த வீரன், பாளையக்காரர் மகள் பொம்மியைக் காதலித்து அழைத்துச் சென்ற கதை அது. ஆனால் கதைப்பாடல் அவன் பிறப்பைக் காசி அரசனின் வீட்டில் வைக்கிறது; கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டான் என்கிறது. முத்துப்பட்டன் கதையிலும் இதுவே நிகழ்கிறது. பார்ப்பன இளைஞன் அருந்ததியப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். அப்பெண்கள் பிறப்பால் பார்ப்பனரே என்று சில வடிவங்கள் மாற்றிச் சொல்கின்றன. காதலை ஏற்கிறோம், ஆனால் அது சாதி கடந்ததாக இருக்கக்கூடாது என்னும் இந்த உத்தியைப் பிறப்புத் திருத்தம் எனலாம். இன்றைய திரைப்படத்தில் எளிய நாயகன் கடைசிக் காட்சியில் பெரிய வீட்டுப் பிள்ளையாக வெளிப்படும்போது நாம் காண்பது இதன் தொடர்ச்சியே.

தன்மைக் கூற்று

புறத்தே நிறுத்தப்பட்டவர்கள் தம் குரலில் பேசத் தொடங்கியபோது மேற்சொன்ன உத்திகள் தலைகீழாயின. 'இரவு மிருகம்', 'தீண்டப்படாத முத்தம்' முதலிய தொகுப்புகளைத் தந்த சுகிர்தராணியின் கவிதைகளில் தலைவிக்குத் தோழியின் இடையீடு வேண்டியிருக்கவில்லை. 'நான்' நேரடியாகப் பேசுகிறது. வேட்கையையும் சாதியையும் ஒரே மூச்சில் சொல்கிறது. வசையாக வீசப்பட்ட சாதிப்பெயரைத் தானே எடுத்துச் சூடுவது பிறப்புத் திருத்தத்துக்கு நேர் மறுப்பு. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் பாமாவின் எழுத்தோடு இவருடைய கவிதைகளையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. ஐந்திணையின் வேலி இன்று பாடத்திட்டக் குழுவின் வடிவில் இருக்கிறது.

கையில் கொள்ளவேண்டிய கேள்விகள்

ஒரு காதல் கவிதையையோ, திரைப்பாடலையோ, செய்தியையோ, புகார் மனுவையோ வாசிக்கும்போது ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். பேசுபவர் யார், பேச விடப்படாதவர் யார்? யாருடைய உழைப்பு உவமையாக மட்டும் நிற்கிறது? யார் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது, யார் பெயர் விடப்பட்டிருக்கிறது, அதனால் காக்கப்படுவது யார்? மறைமொழி எளியவரின் உள்ளுறையா, வலியவரின் மூடுசொல்லா? காதலர் எவரேனும் பிறப்புத் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறாரா?

சட்டமும் ஒரு கூற்றிலேயே நிற்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்த 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7அ பிரிவின்படி, உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில், 'உன்னை மணத்துணையாக ஏற்கிறேன்' என்று ஒருவருக்கொருவர் அறிவித்தாலே திருமணம் செல்லும். புரோகிதரும் பெற்றோரும் ஊரும் கட்டாயமில்லை. இத்தகைய மணம் ஊரறிய நடக்கவேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பை, இளவரசன் வழக்கில் 2023 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. உயிருக்கு அஞ்சும் இணையரிடம் பொது அறிவிப்பைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதே அதன் சாரம். ஆணவக் கொலைக்கெனத் தனிச் சட்டம் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

எந்தச் சட்டமும் சாட்சி இல்லாமல் நிற்காது. இணையரின் நண்பர்களாக இருக்கும் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு சாட்சிகளுக்கும் பாதுகாப்பு உரிமை தருகிறது. குற்றவியல் நடுவர் முன் வாக்குமூலம் பதிவு செய்யக் கோரலாம். நாளை திண்டுக்கல்லிலோ நிலக்கோட்டையிலோ ஒரு தோழி, தான் கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டி வரலாம். வீட்டைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் அவளைத் தூற்றும். தமிழிலக்கணம் அவள் செயலுக்கு வைத்திருக்கும் பெயரை அவளுக்கு நாம் சொல்லித்தர வேண்டும்.